‘வெறுமனே அளந்தேன், அவ்வளவுதான்’: விருதுக்கு விண்ணப்பிக்கத் தயங்கும் ஓர் ஆய்வாளருக்கு

சுற்றுச்சூழல் மாசுக்கு மனிதர்கள் எந்த அளவு ஆட்படுகிறார்கள் என்பதை ஆராயும் எக்ஸ்போஷர் சயின்ஸ் துறையிலிருந்து ஒரு பெண் ஆய்வாளர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவர் முனைவர் பட்டம் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. நடுவில் குழந்தை பிறந்ததால் ஒன்றரை வருடம் வேலையில் இல்லை. சாலையோரம் நாள் முழுக்க வேலை செய்கிற 60 பேரின் சட்டைக் காலர் அருகே சிறிய பம்பையும் மலிவு விலை சென்சாரையும் மாட்டி, அவர்கள் சுவாசிக்கும் பிஎம் 2.5 நுண்துகளை அளந்திருக்கிறார். காற்றில் ஈரப்பதம் கூடும்போது சென்சார் அளவைக் கூட்டிக் காட்டுவதைக் கவனித்து, ஃபில்டரை எடைபோட்டுக் கிடைத்த அளவோடு ஒப்பிட்டு, ஒரு திருத்தச் சூத்திரம் உருவாக்கியிருக்கிறார். ஒன்பது கட்டுரைகள் வந்திருக்கின்றன. நான்கில் அவர் முதல் ஆசிரியர். எல்லாவற்றிலும் கைடின் பெயர் இருக்கிறது. இந்தத் துறைக்கான ஒரு சங்கம் இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் விருதுக்கு இரண்டு வருடம் முன்பு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. இந்த வருடம் மறுபடி போடலாமா என்று யோசிக்கிறார். கைடிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டபோது, ‘நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்றாராம். புதிய ஆய்வின் முடிவுகளை விண்ணப்பத்தில் காட்டக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். ‘நான் மாசு அளவை மட்டும்தான் அளந்தேன். யாருக்கு என்ன நோய் வந்தது என்று பார்க்கவில்லை. எனக்கெல்லாம் விருதா?’ என்று கடிதத்தை முடிக்கிறார். விண்ணப்பத்தின் வரைவையும் இணைத்திருந்தார்.

அன்புள்ள ஆய்வாளருக்கு,

உங்கள் கடிதத்தையும் வரைவையும் முழுவதும் படித்தேன். கைடு, கடிதம், தரவு என்று தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடைசி வரியில் நீங்கள் எழுதியதுதான் வரைவு முழுவதையும் பாதித்திருக்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

‘அளந்தது மட்டும்தான்’ என்ற எண்ணம்

விருது தருவது எக்ஸ்போஷர் ஆய்வுக்கான சங்கம். மாசு எங்கிருந்து கிளம்புகிறது, காற்றில் எவ்வளவு இருக்கிறது, அதில் மனிதர் மூக்குக்கு எவ்வளவு வந்து சேர்கிறது, உடலுக்குள் எவ்வளவு போகிறது என்ற சங்கிலியில் நடுக்கண்ணிதான் இந்தத் துறையின் வேலை. நோய் வரை போகாதது உங்கள் ஆய்வின் குறை என்று தேர்வுக் குழு நினைக்காது. வரைவில் மூன்று இடத்தில் நீங்களே அதைக் குறை மாதிரி எழுதி வைத்திருக்கிறீர்கள். மூன்றையும் எடுத்துவிடுங்கள்.

இந்தத் துறையின் வரலாற்றைப் பாருங்கள். 1980களில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நடத்திய ‘டீம்’ ஆய்வில் சாதாரண மக்களின் உடலில் மாதிரி எடுக்கும் கருவிகளை மாட்டி, பென்சீன் போன்ற ஆவியாகும் வேதிப்பொருட்களை அளந்தார்கள். ரசாயன ஆலைகள் நிறைந்த நியூஜெர்சிப் பகுதியில்கூட, வெளிக்காற்றில் இருந்ததைவிட மக்கள் நேரடியாக ஆட்பட்ட அளவு அதிகமாக இருந்தது. வீட்டுக்குள் இருந்த பொருட்களும் புகைப்பழக்கமும் பெரிய காரணங்கள். அந்த ஆய்வு நோயைத் தேடிப் போகவில்லை. அளந்தது. மாசு என்றால் ஆலைப் புகைபோக்கியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பார்வை அதனால் மாறியது. புற்றுநோய் ஆய்வாளர் கிறிஸ்டோபர் வைல்ட் 2005இல், ஒருவர் வாழ்நாள் முழுக்க ஆட்படும் எல்லாவற்றின் தொகுப்பைக் குறிக்கும் ‘எக்ஸ்போசோம்’ என்ற கருத்தை முன்வைத்தபோதும் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: மரபணுவைத் துல்லியமாகப் படிக்கக் கற்றுக்கொண்ட நாம், மனிதர் எதற்கெல்லாம் ஆட்படுகிறார் என்பதை அளப்பதில் மிகவும் பின்தங்கியிருக்கிறோம்.

அளவீட்டில் தற்செயல் பிழை இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நிஜமாகவே இருக்கிற பாதிப்பும் புள்ளிவிவரத்தில் பெரும்பாலும் சுருங்கித் தெரியும். நோயைத் தேடுகிற ஆய்வாளர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், அளவு தப்பாக வந்தால் அந்தத் தொழிலாளிக்கு நேர்ந்த தீங்கு கணக்கில் வராமல் போய்விடும். கருவி காட்டும் அளவைச் சரிபார்த்துத் திருத்தும் இந்த வேலையைத்தான் உங்கள் கைடு ‘கேலிபரேஷன் வேலை’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். பர்ப்பிள்ஏர் என்ற மலிவு விலை சென்சார்களும் துகள்களில் பட்டு ஒளி எவ்வளவு சிதறுகிறது என்பதை வைத்துத்தான் அளக்கின்றன. ஈரத்தில் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து, நிறை அதிகம் இருப்பதுபோலக் காட்டும். அதற்காக அமெரிக்க முகமையின் ஆய்வாளர்கள் ஈரப்பதத்தையும் சேர்த்து நாடு முழுவதற்கும் ஒரே திருத்தச் சமன்பாடு உருவாக்கி 2021இல் வெளியிட்டார்கள். காட்டுத்தீப் புகை எங்கே எவ்வளவு என்று பொதுமக்கள் பார்க்கிற அரசு வரைபடத்தில் அந்தச் சென்சார்களின் அளவு திருத்தத்துக்குப் பிறகுதான் சேர்கிறது. வெளியே போகலாமா வேண்டாமா என்று ஒரு குடும்பம் முடிவெடுப்பதில் ஒரு திருத்தச் சமன்பாட்டுக்குப் பங்கு இருக்கிறது. நீங்கள் செய்தது அதே வகையான வேலை, நடமாடும் மனிதர்களின் உடலில் வைத்து. கூரை மேல் நிலையாக இருக்கும் கருவியைத் திருத்துவதைவிட இதில் சிக்கல் அதிகம். வெயிலிலிருந்து நிழலுக்கு, நிழலிலிருந்து வண்டிப் புகைக்கு என்று சூழல் நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

உங்கள் வரைவின் முதல் வரி இப்படி இருக்கிறது: ‘எங்கள் குழு 60 தொழிலாளர்களிடம் பிஎம் 2.5 மாதிரிகளைச் சேகரித்து ஆய்வு செய்தது.’ இதைப் படிக்கிறவருக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. இப்படித் தொடங்கிப் பாருங்கள்: ‘நகரக் கண்காணிப்பு நிலையம் காட்டும் அளவும் சாலையோரத் தொழிலாளி சுவாசிக்கும் அளவும் எப்போது, ஏன் விலகுகின்றன என்பதே என் கேள்வி. அதற்குப் பதில் தேடும்போது, உடலில் மாட்டும் சென்சார் ஈரமான வேளைகளில் அளவைக் கூட்டிக் காட்டுவதைக் கண்டேன். ஃபில்டர் எடையை அடிப்படையாக வைத்து அதைத் திருத்தும் முறையை உருவாக்கினேன்.’ இரண்டிலும் பொய் இல்லை. இரண்டாவதில் கேள்வி இருக்கிறது, அதைக் கேட்ட ஆள் இருக்கிறார்.

எத்தனை ஃபில்டர், எத்தனை மணி நேரம் என்ற எண்ணிக்கை ஒரு வாக்கியத்தில் வந்தால் போதும். நீங்கள் எடுத்த முடிவுகளை எழுதுங்கள். மாதிரி எடுக்கும் முனையை மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் வைத்தது ஏன், வேலை நேரம் முழுக்க ஓடவிட்டது ஏன், களத்துக்கு எடுத்துப்போய்க் காற்று இழுக்காமலே திரும்பக் கொண்டுவரும் ஃபீல்டு பிளாங்க் ஃபில்டர்களில் என்ன தெரிந்தது என்றெல்லாம். இந்தத் துறையில் வேலை செய்து பழகியவர்கள் தேடுவது இதைத்தான். ஒரே பருவத்தில், ஒரே ஊரில் எடுத்த அளவு என்ற வரம்பையும் மறைக்காமல் ஒரு வரியில் சொல்லுங்கள். திருத்தச் சூத்திரம் வேறு பருவத்தில், வேறு வகைத் தூசியில் எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் உங்கள் அடுத்த ஆய்வு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரம்பிலிருந்து அதற்கு நேராகப் போய்விடலாம்.

இங்கே ஒரு தவறான புரிதலையும் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. வரைவில் முக்கால்வாசி எதிர்காலத் திட்டமாக இருக்கிறது. இளம் ஆய்வாளருக்கான விருது என்ற பெயரில் இரண்டு வகை உண்டு. சர்வதேச எக்ஸ்போஷர் சயின்ஸ் சங்கம் ஜோன் டெய்சி பெயரில் தரும் விருது போன்றவை செய்து முடித்த வேலைக்கான அங்கீகாரம். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் தொடக்க நிலை நிதி போன்றவை செய்யப்போகும் வேலைக்கான பணம். நீங்கள் விண்ணப்பிப்பது முதல் வகை. போன முறையும் இதே அமைப்பில் எழுதியிருந்தால், கிடைக்காமல் போனதற்கு அது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். செய்த வேலைக்கு மூன்று பங்கு, செய்யப்போவதற்கு ஒரு பங்கு என்று புரட்டிப் போடுங்கள்.

கைடின் பெயரும் உங்கள் பங்கும்

எல்லாக் கட்டுரையிலும் கைடு பெயர் இருப்பது இந்த வயதில் எல்லோருக்கும் உள்ளதுதான். அதை மறைக்கவும் வேண்டாம், அதற்காக மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். ஒவ்வொரு முக்கியக் கட்டுரைக்கும் கீழே உங்கள் பங்கை இரண்டு வரியில் எழுதுங்கள். இதற்கு ‘கிரெடிட்’ என்று 14 பங்களிப்பு வகைகள் கொண்ட பட்டியல் இருக்கிறது. கருத்துருவாக்கம், முறை வடிவமைப்பு, தரவுப் பகுப்பாய்வு என்று பிரித்திருப்பார்கள். பல இதழ்கள் அதைக் கேட்கின்றன. உங்கள் கட்டுரைகளில் ஏற்கெனவே அச்சாகியிருந்தால் அதையே எடுத்துப் போடுங்கள், யாரும் மறுக்க முடியாது. அச்சாகாத இடத்தில் நீங்கள் எழுதியதை உடன் ஆசிரியர்களிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். பம்பை மாட்டிக்கொண்டு வெயிலில் அலைந்த களப்பணியாளர்களின் உழைப்பை உங்கள் பெயரில் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்வதும் இதில் சேரும்.

இதழ்களின் இம்பாக்ட் ஃபேக்டரை, அதாவது ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை, தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். தனி ஆய்வாளரை எடைபோட அந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்று 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் சொல்கிறது. ஏராளமான நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. அறிவிப்பில் கேட்டிருந்தால் ஒழிய, எடுத்துவிடுங்கள். உங்கள் சூத்திரத்தை வேறு குழு யாராவது பயன்படுத்தியிருக்கிறார்களா? அது ஒரே ஒரு குழுவாக இருந்தாலும், அந்த இடத்தில் அதை எழுதுங்கள்.

‘நீயே எழுதிக் கொண்டு வா’

இது எங்கும் நடக்கிறது. கெட்ட எண்ணத்தால் அல்ல, பெரும்பாலும் நேரம் இல்லாததால். ஆனாலும் உங்களுக்கு நல்லது இல்லை. முதலாவதாக, விண்ணப்பமும் கடிதமும் ஒரே நடையில் வந்தால் தேர்வுக் குழுவில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அதே சொற்கள், அதே வரிசை, அதே தயக்கம். இரண்டாவதாக, உங்களைப் பற்றி நீங்கள் எழுதினால் குறைத்துத்தான் எழுதுவீர்கள். வரைவைப் பார்த்த பிறகு இதை உறுதியாகவே சொல்கிறேன். மூன்றாவதாக, பரிந்துரைக் கடிதம் ரகசியமாக, நேரடியாக வர வேண்டும் என்று சில விருதுகளில் விதியே இருக்கிறது. அறிவிப்பை முதலில் படித்துவிடுங்கள். அப்படி இருந்தால் நீங்கள் எழுதுவது விதிமீறல்.

மறுத்துப் பேசிச் சங்கடப்படவும் தேவையில்லை. ஒரு பக்கத்தில் தகவல் குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள். விருதின் அளவுகோல்கள், உங்கள் மூன்று முக்கியப் பங்களிப்புகள், அவர் நேரில் பார்த்த இரண்டு மூன்று சம்பவங்கள் இருந்தால் போதும். ஈரமான நாட்களின் அளவில் ஏதோ தப்பு இருக்கிறது என்று நீங்கள் முதலில் சொன்னபோது அவர் நம்பவில்லை, பிறகு ஃபில்டர் எடையைப் பார்த்து ஒப்புக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, அது அவர் வாயால் வந்தால் அதைவிட நல்ல வரி கிடையாது. ‘சார், நீங்கள் பார்த்த மாதிரி உங்கள் வார்த்தையில் எழுதினால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும்’ என்று கேளுங்கள். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள்.

இன்னொரு கடிதத்துக்குப் பெண் ஆய்வாளர்கள் அதிகம் கவனம் எடுக்க வேண்டியிருக்கிறது என்பது வருத்தமான உண்மை. 2003இல் வந்த ஓர் ஆய்வில் ஒரு பெரிய மருத்துவக் கல்லூரியின் பணிநியமனத்துக்கு வந்த 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களைப் பிரித்துப் படித்தார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியில் சின்னதாக இருந்தன. சந்தேகம் கிளப்பும் சொற்றொடர்கள் அவற்றில் அதிகம். ‘கடின உழைப்பாளி, பொறுப்பானவர்’ என்ற பாராட்டோடு நின்றுபோகிற கடிதம் உங்களுக்கு உதவாது. அதனால் இரண்டாவது கடிதத்தை உங்கள் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து, முடிந்தால் உங்கள் சூத்திரத்தைப் பயன்படுத்தியவரிடமிருந்தோ உங்கள் கட்டுரையை விமர்சித்து விவாதித்தவரிடமிருந்தோ வாங்குங்கள். உங்கள் வேலையைத் தெரிந்த, அவ்வளவு பிரபலமில்லாத ஆய்வாளர், உங்களைத் தெரியாத பெரிய பெயரைவிட மேல்.

தன்னைத்தானே பரிந்துரைத்துக்கொள்வது தற்பெருமையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அறிவிப்பில் அதற்கு இடம் கொடுத்திருந்தால், அது ஒரு வழி, அவ்வளவுதான். தங்களைப் பரிந்துரைக்கப் பெரிய ஆள் இல்லாதவர்களும் உள்ளே வரட்டும் என்றுதான் பல அமைப்புகள் அந்தக் கதவைத் திறந்து வைக்கின்றன.

குழந்தைக்காக எடுத்த இடைவெளி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று நினைத்து வரைவில் விட்டுவிட்டீர்கள். விட்டால்தான் நஷ்டம். ஏழு வருடத்துக்கு ஒன்பது கட்டுரை என்று கணக்குப் போடுவார்கள்; நிஜத்தில் அது ஐந்தரை வருடம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் பட்டம் பெற்ற 10 ஆண்டுக்குள் இருப்பவரைத் தொடக்க நிலை ஆய்வாளராகக் கருதுகிறது, குழந்தை பிறந்தால் ஓராண்டு நீட்டிக்கிறது. ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் தாய்மார்களுக்கு ஒரு குழந்தைக்கு 18 மாதம் நீட்டிக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் சங்கத்துக்கும் தனி விதி இருக்கலாம். எழுதியிருக்கவில்லை என்றால் செயலாளருக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கேட்பதால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். விண்ணப்பத்தில் தொடங்கிய மாதம், முடிந்த மாதம், ஒரே வரி. விளக்கம் வேண்டாம்.

வெளிவராத தரவு

இந்த விஷயத்தில் உங்கள் கைடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. ‘நான் எடுத்த தரவு, எனக்கு உரிமை இல்லையா’ என்று கோபப்பட்டிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் பெரும்பாலான இடங்களில் தரவு நிறுவனத்துக்கோ நிதி ஒப்பந்தத்தில் குறிப்பிட்டவருக்கோ உரியது. உங்களுக்கும் தனி உரிமை இல்லை, கைடுக்கும் இல்லை. ஒப்பந்தத்தையும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தையும் எடுத்துப் படியுங்கள். உடன் ஆசிரியர்களின் சம்மதம் இல்லாமல் எண்களையோ வரைபடத்தையோ போடாதீர்கள். பின்னால் தகராறு வந்தால், இளையவரான உங்களுக்குத்தான் இழப்பு அதிகம். ‘இரண்டாம் பருவ அளவீடு முடிந்திருக்கிறது, பகுப்பாய்வு நடக்கிறது’ என்று முடிவைச் சொல்லாமல் எழுதுவதற்கு அவர் மறுக்க வாய்ப்பில்லை. அதையும் கேட்டுவிட்டே எழுதுங்கள்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியம். வரைவில் ஒரு தொழிலாளி பம்போடு நிற்கும் புகைப்படமும், அவர் ஒரு நாள் போய்வந்த ஜிபிஎஸ் தடமும் இருக்கின்றன. பெயர் இல்லை என்பதால் பிரச்சினை இல்லை என்று நினைத்திருக்கிறீர்கள். 15 லட்சம் கைபேசிப் பயனாளர்களின் தரவை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் 95 சதவீதம் பேரைத் தனியாக இனம்காணப் போதுமானதாக இருந்தன. உங்கள் ஆய்வில் இருப்பது 60 பேர். தடம் ராத்திரி எங்கே நிற்கிறதோ அதுதான் வீடு. சம்மதப் படிவத்தில் அவர் விருது விண்ணப்பத்துக்காகக் கையெழுத்துப் போடவில்லை. இரண்டையும் எடுத்துவிட்டு, எல்லோருடைய அளவையும் சேர்த்துச் சராசரியாக்கி, நாளின் நேர வாரியாக ஒரு படம் போடுங்கள். ஆய்வில் பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் அவருடைய முடிவை எளிய மொழியில் திருப்பிக் கொடுத்ததாகக் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். விண்ணப்பத்தில் அது இல்லவே இல்லை. அதைச் சேருங்கள். எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள்?

மறுபடி விண்ணப்பிக்கலாமா

நெதர்லாந்தில் இளம் ஆய்வாளர் நிதிக்கு விண்ணப்பித்தவர்களைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வந்தது. மதிப்பெண்ணில் மயிரிழையில் தேர்வானவர்களும் மயிரிழையில் தவறியவர்களும் தரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அடுத்த எட்டு ஆண்டுகளில் தேர்வானவர்களுக்கு இரண்டு மடங்குக்கும் அதிகமான ஆய்வு நிதி கிடைத்திருக்கிறது. அதற்கு ஒரு காரணம், தவறியவர்கள் பிறகு விண்ணப்பிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். அமெரிக்க நிதி விண்ணப்பங்களை வைத்து 2019இல் வந்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. மயிரிழையில் தவறியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் அந்த நிதி அமைப்பிலிருந்தே காணாமல் போனார்கள். விடாமல் நின்றவர்களின் ஆய்வுகள், தேர்வானவர்களுடையதைவிட அதிகத் தாக்கம் பெற்றன. இதைத் தோல்வி நல்லது என்று படிக்காதீர்கள். வெளியேறியவர்களில் திறமையானவர்களும் இருந்திருப்பார்கள்.

உங்கள் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. இந்த வருடமே போடுவது ஒன்று. இரண்டாம் பருவக் கட்டுரை வந்த பிறகு அடுத்த வருடம் போடுவது இன்னொன்று. காத்திருந்தால் கட்டுரை ஒன்று கூடும். ஆனால் காலவரம்பை உங்கள் சங்கம் எப்படிக் கணக்கிடுகிறது என்று தெரியாமல் காத்திருப்பது ஆபத்து. ஒருமுறை தேர்வாகாதவர் மறுபடி விண்ணப்பிக்கத் தடை இருக்கிறதா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். தடை இல்லை என்றால் இந்த வருடமே போடுங்கள் என்பது என் யோசனை. திருத்தச் சூத்திரம் அச்சாகிவிட்டது, அதுதான் உங்கள் வலுவான வேலை, அது அடுத்த வருடமும் அதே வேலையாகத்தான் இருக்கும். போன முறை விண்ணப்பத்துக்குக் கருத்து ஏதாவது அனுப்பினார்களா என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால் தேடி எடுங்கள். வராவிட்டால் இப்போதாவது கேட்டுப் பாருங்கள். சில குழுக்கள் இரண்டு வரியாவது எழுதும்.

புதிய வரைவை உங்கள் துறையில் இல்லாத, ஆனால் ஆராய்ச்சி தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, முதல் பக்கத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் கேள்வி என்ன, நீங்கள் எதைக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் திருப்பிச் சொல்ல முடிந்தால் அனுப்பிவிடலாம். அவர் ‘குழு’ என்று பேச ஆரம்பித்தால், முதல் பத்தியை இன்னொரு தடவை எழுத வேண்டும்.